பெட் ஸ்கேனுக்கு இன்னும் குறைந்த கதிரியக்கம் போதுமா? 1976 முதல் காத்திருக்கும் திரவ செனான்

"பெட் ஸ்கேன் எடுத்துவிட்டு வாருங்கள்" என்று புற்றுநோய் மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் செலவைப் பற்றியதாக இருக்கும். இரண்டாவது கேள்வி கதிரியக்கத்தைப் பற்றியது. "உடம்புக்குள்ளே கதிரியக்க மருந்தை ஏற்றுகிறார்களாமே, அது நோயை இன்னும் கூட்டிவிடாதா?" என்று பிள்ளைகள் கவலைப்படுவார்கள். நோயாளி தயங்குவார். சிலர் கொடுத்த தேதியையே தள்ளிப்போட்டு விடுவதும் உண்டு.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எந்தக் கதிரியக்கமும் தேவைக்கு மேல் உடலில் சேரக்கூடாது என்பதுதான் மருத்துவர்களின் நிலைப்பாடும். ஆனால் 'தேவை' எவ்வளவு என்பதை முடிவு செய்வதில் நோயாளியின் எடைக்கும் நோய்க்கும் மட்டும் பங்கில்லை. அவரைச் சுற்றி நிற்கும் இயந்திரத்தின் 'கண்' எவ்வளவு கூர்மையானது என்பதற்கும் பெரும் பங்கு உண்டு. கண் கூர்மையானால் மருந்தின் அளவைக் குறைக்கலாம்.

இன்றைய பெட் இயந்திரங்களின் கண், படிகங்களால் ஆனது. அதற்குப் பதிலாகத் திரவமாக்கப்பட்ட செனான் வாயுவைப் பயன்படுத்த முடியுமா என்று இயற்பியலாளர்கள் ஏறக்குறைய அரை நூற்றாண்டாக முயன்று வருகின்றனர். அந்த முயற்சி எதற்காக, எதுவரை வந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், பெட் ஸ்கேன் பற்றிய பயத்தில் பாதி தானாகவே விலகிவிடும்.

சீனியைத் தேடிப் போகும் மருந்து

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் உடலின் அமைப்பைக் காட்டுபவை. எலும்பு எங்கே, கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்று அவை சொல்லும். அந்தக் கட்டி உயிர்ப்போடு வளர்கிறதா, சிகிச்சைக்குப் பிறகு அடங்கிவிட்டதா என்பதைச் சொல்வதில் பெட் ஸ்கேன் கைகொடுக்கிறது.

புற்றுநோய் அணுக்களில் பெரும்பாலானவை சாதாரண அணுக்களைவிட அதிகமாகச் சீனியை உறிஞ்சும். இதைப் பயன்படுத்தித்தான் எஃப்.டி.ஜி. என்ற மருந்து உருவாக்கப்பட்டது. அது குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருள். அதில் கதிரியக்கம் கொண்ட ஃபுளோரின்-18 இணைக்கப்பட்டிருக்கும். ஊசி வழியாகச் செலுத்தப்பட்டதும் உடலில் சீனி எங்கெல்லாம் அதிகம் செலவாகிறதோ அங்கெல்லாம் அது போய்ச் சேரும். மூளை, இதயம் போன்ற இடங்களில் அது சேர்வது இயல்பு. எதிர்பாராத இடத்தில் சேர்ந்தால் மருத்துவர் அதைக் கவனிப்பார்.

ஊசி போட்ட பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசாமல், நடக்காமல் படுத்திருக்கச் சொல்வது இதற்காகவே. நடந்தால் கால் தசைகள் அந்தச் சீனியை இழுத்துக்கொள்ளும், படம் குழம்பிவிடும்.

ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் ஏறக்குறைய 110 நிமிடம். அதாவது, இரண்டு மணி நேரத்திற்குள் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். அடுத்த இரண்டு மணி நேரத்திற்குள் அதிலும் பாதி. ஒரு பகுதி சிறுநீரிலும் வெளியேறும். ஒரு நாள் கழிந்தால் உடலில் மிஞ்சுவது மிக மிகச் சொற்பம்.

பெரியவர் ஒருவருக்கு 370 மெகாபெக்கரல் அளவு எஃப்.டி.ஜி. கொடுக்கப்பட்டால், அந்த மருந்தால் மட்டும் அவர் பெறும் கதிர்வீச்சு ஏறக்குறைய 7 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் மனிதர் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். எனவே, ஒரு முறை போடும் ஊசி ஏறக்குறைய மூன்று ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். உடன் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனின் அளவு இதனுடன் தனியாகச் சேரும்.

புற்றுநோயைச் சரியாகக் கணிக்க உதவும் ஒரு பரிசோதனைக்கு இது பெரிய விலை அன்று. ஆனால் நோயாளி ஒரு குழந்தையாக இருந்தாலோ, சிகிச்சையின் போக்கை அறிய மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தாலோ, அந்த அளவைக் குறைக்க முடியுமா என்ற கேள்விக்குக் கனம் கூடுகிறது.

சிந்தும் பாலும் சிறிய மங்கும்

ஃபுளோரின்-18 சிதையும்போது பாசிட்ரான் என்ற நுண்துகளை வெளிவிடுகிறது. இது எலெக்ட்ரானின் எதிர்த்துகள். உடலுக்குள் ஓரிரு மில்லிமீட்டர் தூரம் போவதற்குள் அது ஓர் எலெக்ட்ரானைச் சந்திக்கும். சந்தித்ததும் இரண்டும் அழிந்து, அவற்றின் இடத்தில் இரண்டு காமா கதிர்கள் பிறக்கும். ஒவ்வொன்றின் ஆற்றலும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். அவை ஒன்றுக்கொன்று நேர் எதிர்த்திசையில் பறந்து உடலைவிட்டு வெளியேறும்.

நோயாளியைச் சுற்றி வளையமாக அடுக்கப்பட்ட உணர்கருவிகள் இந்த இரண்டு கதிர்களையும் ஒரே நேரத்தில் பிடித்தால், அவற்றை இணைக்கும் ஒரு கோட்டை வரையலாம். மருந்து அந்தக் கோட்டில் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது என்பது உறுதி. இப்படி இலட்சக்கணக்கான கோடுகள் சேரும்போது கணினி ஒரு படத்தை அமைக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 370 மெகாபெக்கரல் என்றால் நொடிக்கு 37 கோடி அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். மருத்துவமனைகளில் வழக்கமாக உள்ள பெட் இயந்திரம், உடல் முழுவதிலிருந்தும் கிளம்பும் கதிர் இணைகளில் நூற்றில் ஒன்றைக்கூடப் பிடிப்பதில்லை. வளையத்தின் அகலம் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் அளவே இருப்பது இதற்கு முக்கியக் காரணம். நெஞ்சைப் பார்க்கும்போது வயிற்றிலிருந்தும் காலிலிருந்தும் வரும் கதிர்கள் வீணாகின்றன.

பால்மரம் சீவிய தலைமுறைக்கு இது எளிதில் விளங்கும். மரம் நிறையப் பால் கொடுத்தாலும் மங்கு சிறியதாக இருந்தால், அல்லது சரியாக வைக்கப்படாமல் இருந்தால், பால் தரையில்தான் சிந்தும். வாளி நிறைய வேண்டுமென்றால் இரண்டே வழி: மரத்தை இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும், அல்லது மங்கைச் சரி செய்ய வேண்டும். பெட் ஸ்கேனில் மருந்தைக் கூட்டுவது முதல் வழி. உணர்கருவியைத் திருத்துவது இரண்டாவது வழி.

படிகம் சொல்லாத இரண்டு செய்திகள்

இன்றைய உணர்கருவிகளில் பெரும்பாலும் லூட்டீசியம் கலந்த எல்.எஸ்.ஓ., எல்.ஒய்.எஸ்.ஓ. எனப்படும் படிகங்கள் பயன்படுகின்றன. காமா கதிர் பட்டதும் படிகம் நொடிப்பொழுது மின்னும். அந்த மின்னலை ஓர் ஒளியுணரி மின்குறியாக மாற்றும். இந்தப் படிகங்கள் திறமையானவை; அடர்த்தியானவை; சாதாரண அறை வெப்பத்திலேயே வேலை செய்பவை. ஆனால் 2,000 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உருக்கி வளர்க்க வேண்டியிருப்பதால் விலை அதிகம். லூட்டீசியத்திற்கே சிறிதளவு இயற்கைக் கதிரியக்கமும் உண்டு.

அவை முழுமையாகச் சொல்லாத செய்திகள் இரண்டு.

முதலாவது, ஆழம். ஒரு படிகத் துண்டு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மின்னல் அதன் முன்பகுதியில் பிறந்ததா, பின்பகுதியில் பிறந்ததா என்பது வழக்கமான கருவிக்குத் தெரியாது. எந்த லயம் என்று தெரிகிறது, அந்த லயத்தில் எந்த வீடு என்று தெரியவில்லை என்பது போன்ற நிலை இது. கதிர் சாய்வாக வந்து விழும்போது கோடு இடம் மாறிவிடும். வளையத்தின் ஓரங்களில் படம் மங்கும். சில மில்லிமீட்டர் அளவே உள்ள கட்டி கண்ணுக்குத் தப்பவும் கூடும்.

இரண்டாவது, நேரம். நேரான தோட்டச் சாலையின் இரு முனைகளிலும் இருவர் நிற்கிறார்கள்; நடுவில் எங்கோ ஒரு பட்டாசு வெடிக்கிறது. யாருக்குச் சத்தம் முதலில் கேட்டது, எவ்வளவு முந்திக் கேட்டது என்று தெரிந்தால் வெடித்த இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். காமா கதிர்களுக்கும் இதே கணக்குதான். ஆனால் அவை ஒளியின் வேகத்தில், நானோ நொடிக்கு 30 சென்டிமீட்டர் பறக்கின்றன. ஒரு நானோ நொடி என்பது ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. இன்றைய சிறந்த இயந்திரங்கள் அந்த நானோ நொடியின் ஐந்தில் ஒரு பங்கு துல்லியத்தை எட்டியுள்ளன. அப்படியும் இடம் 3 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் குறுகுகிறது.

மங்கைப் பெரிதாக்கும் வழியும் முயன்று பார்க்கப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த சைமன் செர்ரி, ராம்சி படாவி ஆகியோரின் குழு, ஷங்காய் நகரின் யுனைடெட் இமேஜிங் நிறுவனத்துடன் இணைந்து 194 சென்டிமீட்டர் நீளமுள்ள 'எக்ஸ்ப்ளோரர்' இயந்திரத்தை உருவாக்கியது. தலை முதல் கால் வரை ஒரே நேரத்தில் பார்க்கும் அந்த இயந்திரத்தின் முதல் மனிதப் படங்கள் 2018இல் வெளியாகின. மிகக் குறைந்த மருந்திலும் தெளிவான படம் எடுக்க முடியும் என்பதை அது காட்டியது. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட படிகத் துண்டுகள் 564,480. சாதாரண மருத்துவமனை ஒன்று நினைத்துப் பார்க்கக்கூடிய செலவு அன்று அது.

காற்றில் ஒளிந்திருக்கும் 'அந்நியன்'

இலட்சக்கணக்கான துண்டுகளை அடுக்குவதற்குப் பதிலாக, ஒரே தொட்டியில் ஊற்றி நிரப்பக்கூடிய உணர்கருவி இருந்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் திரவ செனான் முயற்சி.

செனானை 1898இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் கண்டுபிடித்தனர். கிரேக்க மொழியில் 'அந்நியன்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. காற்றில் அது ஏறக்குறைய 1 கோடியே 15 இலட்சத்தில் ஒரு பங்குதான் உண்டு. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பெரிய அளவில் பிரிக்கும் ஆலைகளில் துணைப்பொருளாக அது கிடைக்கிறது. நிறமில்லை, மணமில்லை, வேறு பொருள்களுடன் எளிதில் சேராது. இயல்பான அழுத்தத்தில் சுழியத்துக்குக் கீழே 108 பாகை செல்சியஸில் அது திரவமாகும். அந்தத் திரவம் தண்ணீரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது.

காமா கதிர் பட்டதும் திரவ செனானும் மின்னுகிறது. அந்த ஒளியின் ஒரு பகுதி 2 நானோ நொடிகளை ஒட்டிய நேரத்திலேயே மறைந்துவிடும், எல்.எஸ்.ஓ. படிகத்தின் ஒளி மறைய ஏறக்குறைய 40 நானோ நொடிகள் ஆகும். நேரத்தைத் துல்லியமாக அளக்க இந்த விரைவு உதவும்.

அதோடு நிற்பதில்லை. கதிர் பட்ட இடத்தில் எலெக்ட்ரான்களும் விடுபடுகின்றன. மின்புலம் கொடுத்தால் அவை திரவத்தினூடே நகர்ந்து ஒரு பக்கத்தில் உள்ள தகட்டை வந்தடையும். மின்னல் எப்போது தோன்றியது, எலெக்ட்ரான்கள் எப்போது வந்தன என்ற இரண்டையும் ஒப்பிட்டால் கதிர் எவ்வளவு ஆழத்தில் பட்டது என்று தெரிந்துவிடும். தகட்டில் எந்தப் புள்ளியில் விழுந்தன என்பதிலிருந்து மற்ற இரு திசைகளும் தெரியும். படிகம் சொல்லாமல் விட்ட 'எந்த வீடு' என்ற செய்தியை ஒரே தொட்டித் திரவம் சொல்லிவிடுகிறது.

ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள்

1976 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக மனிதருக்கு எஃப்.டி.ஜி. செலுத்தப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட அந்த மருந்து, கதிரியக்கம் குறைவதற்குள் சிறிய விமானத்தில் கொண்டு வரப்பட்டது. அதே 1976இல்தான், பாசிட்ரான் படமெடுப்புக்குத் திரவ செனானைப் பயன்படுத்தலாம் என்ற லவோயி என்பவரின் ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்தது.

எஃப்.டி.ஜி. இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் புழங்குகிறது. மலேசியாவில் புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகம், பினாங்கு மருத்துவமனை ஆகியவற்றிலும் சில தனியார் மருத்துவமனைகளிலும் பெட் ஸ்கேன் வசதி உண்டு. ஆனால் திரவ செனான் இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகம், போர்த்துகலின் கோயிம்ப்ரா, கனடாவின் டிரையம்ஃப் ஆய்வகம், ஸ்பெயினின் வாலன்சியா எனப் பல இடங்களில் குழுக்கள் இதில் உழைத்துள்ளன.

ஏன் இந்தத் தாமதம்? காரணங்கள் பல.

திரவ செனானை எந்நேரமும் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். குளிரூட்டல் நின்றால் அது வாயுவாகி ஏறக்குறைய 500 மடங்கு பெருகும். அதை வீணாக்காமல், அறையிலும் கசியவிடாமல் சேமிக்கப் பெரிய கலன் தேவை. செனான் நச்சு அன்று என்றாலும், மூடிய அறையில் பெருமளவு கசிந்தால் ஆக்சிஜனை வெளியேற்றி மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

தூய்மை அடுத்த சவால். ஆக்சிஜன் போன்ற மாசு நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் கலந்தாலே எலெக்ட்ரான்கள் வழியில் சிக்கிக்கொள்ளும். செனானின் ஒளியும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி; சாதாரணக் கண்ணாடி அதை விடாது. சிறப்பு ஒளியுணரிகள் வேண்டும்.

காமா கதிரைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலில் திரவ செனான், எல்.எஸ்.ஓ. படிகத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவே. அதனால் தொட்டி பருமனாக இருக்க வேண்டும். எலெக்ட்ரான்களோ மைக்ரோ நொடிக்கு 2 மில்லிமீட்டர் அளவே நகர்கின்றன. 12 சென்டிமீட்டரைக் கடக்க 60 மைக்ரோ நொடி ஆகும். வழக்கமான அளவு மருந்து ஏற்றப்பட்ட உடலில் அதற்குள் ஆயிரக்கணக்கான அணுக்கள் சிதைந்துவிடும். எந்த எலெக்ட்ரான் எந்தக் கதிருக்கு உரியது என்று பிரிப்பது கடினம்.

இதற்கிடையில் படிகங்களும் சும்மா இருக்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டு வந்தன. குளிர்க்கலன் தேவைப்படாத கருவி நன்றாக வேலை செய்யும்போது மருத்துவமனைகள் அதையே தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

நான்ட் நகரின் வேறு கணக்கு

பிரான்சின் நான்ட் நகரில் உள்ள சுபாடெக் ஆய்வகம், இந்தக் குறையையே நிறையாக மாற்றப் பார்க்கிறது. மருந்து அதிகமாக இருந்தால்தானே மெதுவான கருவி திணறும்? மருந்தை மிகவும் குறைத்துவிட்டு, கிடைக்கும் ஒவ்வொரு கதிரிலிருந்தும் கூடுதல் செய்தியைப் பெற்றால் என்ன என்று அக்குழு கேட்டது.

அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஸ்காண்டியம்-44. ஏறக்குறைய 4 மணி நேர அரை ஆயுள் கொண்ட இது, பாசிட்ரானுடன் சேர்த்து மூன்றாவதாக ஒரு காமா கதிரையும் வெளிவிடும். முதல் இரண்டு கதிர்கள் வழக்கம்போல் ஒரு கோட்டைத் தருகின்றன. மூன்றாவது கதிர் செனானுக்குள் மோதிச் சிதறும் தடத்திலிருந்து, அது எந்தப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்பதை ஒரு கூம்பாக வரையலாம். கோடும் கூம்பும் வெட்டிக்கொள்ளும் இடமே மருந்து இருக்கும் இடம். சாலையின் பெயர் மட்டும் தெரிந்திருந்த நிலை மாறி, எந்தச் சந்தி என்பதும் தெரிந்துவிடுகிறது.

'செமிஸ்-2' என்ற அவர்களின் கருவி, சிறு விலங்குகளைப் படமெடுக்க வடிவமைக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 200 கிலோ திரவ செனான் தேவை. 20 கிலோபெக்கரல் அளவு மருந்தை வைத்து 20 நிமிடத்தில் படமெடுப்பதே அதன் இலக்கு. நொடிக்கு 20,000 அணுக்கள் மட்டுமே சிதையும் அளவு அது. வழக்கமாக விலங்குகளுக்குக் கொடுக்கப்படுவதில் நூற்றில் ஒரு பங்கை எட்டுவதே நோக்கம். செனானைப் பத்திரமாகத் திரும்பப் பெற்றுச் சேமிக்கவும் தனிக்கலன் ஒன்றை அவர்கள் உருவாக்கியுள்ளனர்.

இந்தத் துறைக்கு எதிர்பாராத ஓர் உதவியும் கிடைத்துள்ளது. பிரபஞ்சத்தின் 'கரும்பொருளை'த் தேடும் விஞ்ஞானிகள், இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியிலும் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் நிலத்தடியிலும் டன் கணக்கில் திரவ செனானைத் தொட்டிகளில் வைத்துக் காத்திருக்கின்றனர். செனானைத் தூய்மையாக்குவது, ஆண்டுக்கணக்கில் குளிரில் வைத்திருப்பது ஆகியவற்றில் அவர்கள் பெற்ற அனுபவம் மருத்துவக் கருவி செய்வோருக்கும் பயன்படுகிறது.

நோயாளி இன்று அறிய வேண்டியது

விலங்குகளுக்கான கருவியிலிருந்து மனிதருக்கான கருவிக்குப் போக நீண்ட தூரம் உண்டு. எனவே, புதிய இயந்திரம் வரட்டும் என்று இன்று தேவைப்படும் ஸ்கேனைத் தள்ளிப்போடுவது தவறான முடிவாகும். நோயின் நிலை தெரியாமல் கழியும் மாதங்களால் வரும் ஆபத்து, ஒரு முறை பெறும் கதிர்வீச்சால் வரக்கூடிய ஆபத்தைவிடப் பெரிதாகலாம்.

தங்கள் பங்குக்கு நோயாளிகள் செய்யக்கூடியவை உண்டு. எடுத்த ஸ்கேன் பயனில்லாமல் போய் மீண்டும் எடுக்க நேர்ந்தால் கதிர்வீச்சும் இரட்டிப்பாகும். அதைத் தவிர்க்க, மருத்துவமனை சொன்னபடி பசியோடு வர வேண்டும். வழக்கமாக இது ஆறு மணி நேரம். நீரிழிவு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இரத்தத்தில் சீனி 11 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்கேன் வேறு நாளுக்கு மாற்றப்படும், ஏனெனில் இரத்தத்தில் உள்ள சீனி மருந்தோடு போட்டி போடும். நீரிழிவு மாத்திரையையோ இன்சுலினையோ எப்படி எடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும், சுயமாக நிறுத்தக்கூடாது. கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ தவறாமல் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிப்பது நல்லது. அன்று சில மணி நேரம் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கி அமராமல் இருப்பது போதும். பேரப்பிள்ளையை மறுநாள் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

"இந்த அளவு மருந்து ஏன்? பிள்ளைக்கு இதைக் குறைக்க முடியுமா?" என்று மருத்துவரிடம் கேட்பதிலும் தவறில்லை. நான்ட் நகரில் திரவ செனானோடு போராடும் விஞ்ஞானிகள் கேட்டுக்கொண்டிருப்பதும் அதே கேள்வியைத்தான்.